எட்டாவது பட்டை

போன் வந்தபோது

அந்தத் துப்பாக்கிக் குழாயில், அதாவது பேரலில், ஏழு பட்டைகள் முடிந்திருந்தன. எட்டாவதற்காக, குழாயைப் பிடித்திருக்கும் இண்டெக்ஸிங் ஹெட்டைத் திருப்பி, லாக் போட்டு, கட்டரைக் கீழே இறக்கப் போன நேரத்தில் ஷாப் போன் அடித்தது. முதலாளி டேல் வெளியே போயிருந்ததால் நானே எடுத்தேன்.

"கார்த்திக் பேசறேங்க. என் ரைஃபிள் எந்த ஸ்டேஜ்ல இருக்கு?"

"பேரல்ல கடைசிப் பட்டை ஓடப்போகுதுங்க. அப்புறம் அரம் போட்டு, பாலிஷ் பண்ணி, துரு ஏறாம நீலக் கருப்பா ப்ளூயிங் பண்ணி…"

"அதெல்லாம் வேணாம்."

"எதெல்லாம்?"

"ஃபினிஷிங் எதுவுமே வேணாங்க. சுட்டா போதும். இந்த வாரமே குடுத்துடுங்க."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சரிங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நான் மெஷினை ஆஃப் செய்தேன். ஏன் செய்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்கள் சிலர், என்னிடம் மெஷினைப் பற்றியே கேட்கிறார்கள். மெஷினைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நான் கற்றதில் முக்கியமானது அந்த போனில்தான் தொடங்கியது.

எட்டுப் பட்டை என்றால் என்ன

எங்கள் ஷாப் டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரைத் தாண்டி, கடைகள் தீர்ந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஆர்டரின் பேரில் வேட்டைத் துப்பாக்கி செய்கிறோம். மரக்கட்டையும் மெக்கானிசமும் டேலின் பொறுப்பு. பேரல் என் பொறுப்பு.

என் அப்பா கோயமுத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் மண் சுமந்தவர். அம்மா நூல் மில்லில் இருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, கல்யாணமாகி டெக்சாஸ் வந்தேன். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுக்கச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. அதனால் கிரீன் கார்டு வரும்வரை பம்ப் கம்பெனி ஒன்றில் பைப் திருகிக்கொண்டிருந்தேன். கார்டு வந்த வாரமே டேலின் ஷாப்புக்குப் போய் வேலை கேட்டேன்.

டேல் பேசுவது டெக்சாஸ் இங்கிலீஷ். ஆனால் இழுத்து, மெதுவாக, பாதி அதட்டலும் பாதி பாசமுமாக அவர் பேசுவது என் காதில் எங்கள் ஊர் ஃபவுண்டரி மேஸ்திரி பேசுவதாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"அம்மணி, படிப்பு கெடக்கட்டும். அரம் புடிப்பியா?" என்று கேட்டு ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்தார். "ஒரு பக்கத்த மட்டம் பண்ணு பாக்கலாம்."

செய்து கொடுத்தேன். ஸ்டீல் ரூலை அதன்மேல் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ரூலுக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் வரவில்லை.

"திங்கக்கெழம வந்துரு" என்றார்.

இன்று எங்கள் ஷாப்பில் என்னைவிட நேராகப் பட்டை எடுப்பவர் இல்லை. டேலும் இதை ஒப்புக்கொள்வார். சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

துப்பாக்கிக் குழாய் பொதுவாக உருண்டையாக இருக்கும். எங்களிடம் வருகிறவர்கள் எட்டுப் பட்டை, அதாவது நீளவாக்கில் எட்டுத் தட்டையான பக்கம், வைத்த குழாய் கேட்டு வருகிறவர்கள். பட்டை இருப்பதால் தோட்டா நேராகப் போய்விடாது. எடைதான் கூடும், வேலைதான் கூடும். அது அழகுக்காக மட்டுமே. வெளிச்சம் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது நடுவில் உள்ள விளிம்பு கத்திக் கோடு மாதிரி தெரிய வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பாடு.

உருண்டைக் குழாயில் ஒரு கீறல் விழுந்தால் சுற்றித் தேய்த்து மறைத்துவிடலாம். பட்டையில் முடியாது. ஒன்றைத் தேய்த்தால் அதன் இரண்டு விளிம்புகளும் நகர்ந்துவிடும். பிறகு எட்டையும் தேய்க்க வேண்டும். கட்டரை ஓட்டி இரும்பைச் சீவுகிற மில்லிங்கிலும் ஒரு வரிசை உண்டு. ஒரு பட்டை ஓட்டினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே. இரும்புக்குள் ஒரு இறுக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் குழாய் அந்த இறுக்கத்துக்கு ஏற்ப வளையப் பார்க்கும். எதிர்ப்பக்கமும் வெட்டினால்தான் சமன் ஆகும். அதனால் ஏழில் நிறுத்தக் கூடாது. நல்ல வேலைக்காரி ஏழில் நிறுத்த மாட்டாள்.

கேள்வி கேட்கிற ஆள்

கார்த்திக் என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. வேறு மாநிலத்தில், சாஃப்ட்வேர் கம்பெனிகள் நிறைந்த குபெர்டினோவில் இருந்து குடும்பத்தோடு இங்கே மாறி வந்த சாஃப்ட்வேர் ஆள், நாற்பதைத் தாண்டியவர். அமெரிக்க நண்பர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார். சொந்தமாகத் துப்பாக்கி வாங்காமல், நண்பருடையதை இரவல் வாங்கித்தான் சுடுவார். "வாங்கினா ஒண்ணே ஒண்ணு. அதுவும் பாத்துப் பாத்து செஞ்சதா இருக்கணும்" என்பார். சிங்கிள் ஷாட் ரைஃபிள் கேட்டார். ஒரு தோட்டா போட்டு, அதைச் சுட்டு, அப்புறம்தான் அடுத்தது.

கேள்வி கேட்டே எங்களைக் கொன்றவர் அவர். பட்டை முனையில் எவ்வளவு அகலம்? அடியில் எவ்வளவு? அடியிலிருந்து முனைக்கு அகலம் ஒரே சீராகக் குறையுமா, நடுவில் எங்காவது மாறுமா? வால்நட் கட்டையின் ரேகை பேரலுக்கு இணையாகப் போகுமா? ஈமெயிலில் கேட்பார். பதில் போட்டால் பதிலுக்குள்ளே இருந்து கேட்பார். சனிக்கிழமை நேரிலும் வந்துவிடுவார்.

"இன்ஜினியர் மேடம், எட்டுதானா? பத்து பட்டை போட முடியாதா?"

"போடலாங்க. ஆனா அதுக்குப் பேரு பேரல் இல்ல, பென்சில்."

"பென்சிலுக்கு ஆறுதான்!"

"பாத்தீங்களா, அதையும் எண்ணி வெச்சிருக்கீங்க."

ஒரு தடவை மகளையும் கூட்டி வந்தார். பத்து வயது இருக்கும். அவள் இயர்போனைக் கழற்றாமலே, "Appa, it's a pipe" என்றாள். "பைப் இல்லடா கண்ணா, ஆக்டகன்" என்று அவர் விளக்க ஆரம்பிக்க, அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுழற்றினாள். டேல் உள்ளேயிருந்து கத்தினார்: "அந்தப் புள்ளைக்கு வெவரம் இருக்குது. அப்பனுக்குத்தான் இல்ல."

அவர் வந்தால் கட்டாயம் ஒன்று செய்வார். முடிந்த பட்டையின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, அடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பாக இழுப்பார். எங்காவது தடுக்கினால் நிறுத்தி என்னைப் பார்ப்பார். பெரும்பாலும் தடுக்காது.

பிறகு ஈமெயில் குறைந்தது. சனிக்கிழமை வருவது நின்றது. அந்த வருடம் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கார்த்திக்குடைய டீம் முழுவதும் போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வேலை தேடுகிற ஆளுக்குப் பேரலைப் பற்றிக் கவலைப்பட ஏது நேரம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்த போன்.

"அவருக்கு அழகு வேணாமாம்"

டேல் திரும்பி வந்ததும் சொன்னேன்.

"வேல போன ஆளு, இருக்கறத வெச்சு முடிச்சுக்கலாம்னு பாக்கறான். அதுல என்ன?"

"ஏற்கெனவே பேசின வேலைதானுங்க. காசக் கொறைக்கச் சொல்லலிங்க. ஃபினிஷே வேண்டாங்கறாரு."

டேல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "யாரு, அந்தக் கேள்விக்காரனா?"

"அவருதான்."

"ஃபினிஷ் வேண்டாம்னா எதுக்கு எட்டுப் பட்ட? ரோட்டுல போயி ரெடிமேடா ஒண்ணு எடுத்துக்கலாமே."

"அதத்தானுங்க நானும் யோசிக்கறேன்."

ரெடிமேடாக வாங்க டெக்சாஸில் அதிக நேரம் பிடிக்காது. அது எனக்கும் தெரியும், டேலுக்கும் தெரியும், கார்த்திக்குக்கும் தெரியும். ஆனால் அவர் எங்களைத்தான் கூப்பிட்டார். அது எனக்கு அவரை இன்னும் பிடித்து வைத்திருக்கும் ஒரு நூல் மாதிரி தெரிந்தது. பிடித்து இழுத்தால் அறுந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"ஒருவேள நானும் நீயும் கெட்ட கெட்டதா கற்பன பண்றமோ என்னமோ" என்றார் டேல். "ஆளப் பத்தி விசாரிக்கற பேக்கிரவுண்ட் செக் பாஸ் ஆனா சட்டப்படி குடுக்கலாம். ஆனா குடுத்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. எட்டாவது பட்ட உன்ற கையில இருக்குது, அம்மணி. நீ முடிச்சாத்தான் மிச்ச வேல."

முடிக்கவில்லை. மறுநாள் காலை வளைவை அளக்கும் டயல் வைத்துப் பார்த்தேன். எதிர்ப்பட்டை இல்லாத பக்கம் குழாய் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. முடி அளவுதான். என் கையால் ஒரு வேலை வளைவதை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கேட்டால் என்ன நினைப்பார்கள்

கார்த்திக் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் விஜி அக்கா இருக்கிறார். கோயில் பஜனை, ஆளுக்கொரு சமையல் கொண்டுவரும் பாட்லக், தமிழ் ஸ்கூல் எல்லாவற்றிலும் இருப்பவர். அவருக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் ஒரு வீட்டிலும் பால் பொங்காது. போன் செய்தேன்.

"அவங்க வொய்ஃப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு குபெர்டினோ போயிட்டாங்கப்பா. அண்ணன் வீட்டுக்கு. சம்மர் லீவுக்குன்னு சொன்னாங்க."

"ஸ்கூல் தொறந்தாச்சேக்கா."

"ம்."

"அவரைப் பாத்தீங்களா?"

"குப்பைத் தொட்டி எடுத்து வெக்க வரப்போ பாத்தேன். தாடியும் அதுவுமா… ஹாய் சொன்னேன். ஹாய் சொன்னாரு."

"எப்படி இருக்கீங்கன்னு கேக்கலியாக்கா?"

"எப்படிப்பா கேக்கறது? கேட்டா என்ன நெனைப்பாங்க? வேலை போனதே யாருக்கும் தெரியக்கூடாதுன்னு இருக்காங்க."

"அக்கா, அவர் தன்னை ஏதாவது பண்ணிக்குவாரோன்னு எனக்கு பயமா இருக்கு."

விஜி அக்காவின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "ச்சே ச்சே! அப்படியெல்லாம் வாயால சொல்லாத. நல்ல குடும்பம். சொன்னா பலிச்சிடும்."

எங்கள் ஆட்களின் வழக்கம் அதுதான். கெட்டதை வாயில் வைக்கக் கூடாது. சாவு வீட்டில்கூட 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல் கிளம்புகிற ஜனம் நாம். என் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். கார்த்திக்கைச் சுற்றியிருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அவருடைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் வந்தார்

அந்த வாரக் கடைசியில், மதியத்தில் கார்த்திக் வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. பேரலை ஸ்டாண்டில் வைத்து, முடிந்த பட்டைகளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் பார்த்தார். விரலை வைக்கவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். நமக்கு வேறு எப்படிப் பேச்சைத் தொடங்கத் தெரியும்?

"ம். எப்ப ரெடி?"

"எட்டாவது பட்டை பாக்கிங்க."

"ஒரு பட்டைதானே. அப்படியே உருண்டையா விட்டுடுங்க. யாரு பாக்கப் போறா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. வாயில் வைக்கக் கூடாததை வைத்தேன்.

"கார்த்திக் சார். நீங்க செத்துப்போகணும்னு நெனைக்கறீங்களா?"

அவர் முகம் முதலில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு சிவந்தது.

"என்ன பேசறீங்க நீங்க? உங்க வேலை என்ன?"

"பேரல் செய்யறதுங்க."

"அப்ப அதைச் செய்ங்க. இன்ஜினியர் மேடம்னு சும்மா விளையாட்டுக்குக் கூப்பிட்டா, டாக்டர்னு நெனைச்சிட்டீங்களா? எந்த ஊர் காலேஜ் உங்களுக்கு? மேனர்ஸ் சொல்லித் தரலையா?"

எனக்குச் சுருக்கென்றது. என் படிப்பைத் தொட்டால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆனால் அன்று அந்தக் கோபத்தை வேறு பக்கம் திருப்பினேன்.

"எங்க ஊர் காலேஜ்ல சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான் சார். முடியாத வேலையை வெளிய அனுப்பக் கூடாது. இது முடியல. முடிக்கவும் மாட்டேன். நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருக்கேன். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கேன்."

அவர் டேலைப் பார்த்தார். டேல் நடுவில் வந்து நின்றார். தமிழ் புரியாவிட்டாலும் எல்லாம் புரிந்திருந்தது.

"தம்பி, உன்ற துப்பாக்கி இங்கயே இருக்கட்டும். அது எங்கயும் போவாது. உன்னப் பத்தித்தான் எங்களுக்குக் கவல."

கார்த்திக் திரும்பி வெளியே போனார். கதவு அடித்துக்கொண்டது. அவ்வளவுதான், நூல் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

டேல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே நின்றார். "அம்மணி, வண்டி கெளம்பல."

டெக்சாஸ் மதிய வெயில். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியும் போடாமல், கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். மறுபடியும் தட்டினேன். பிறகு இறக்கினார். உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்த மாதிரி அனல் வந்தது.

"இங்கிலீஷ்ல கேட்டிருக்கலாம்ல?" என்றார். "தமிழ்ல கேக்கறப்ப எவ்ளோ அசிங்கமா இருக்கு."

"இங்கிலீஷ்ல கேட்டா 'ஐ ஆம் ஃபைன்'னு சொல்லியிருப்பீங்க."

அவர் அழுதார். நான் வெயிலில் நின்றேன். டேல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"ரம்யாவுக்கு மட்டும் சொல்லாதீங்க" என்றார் கடைசியில். ரம்யா அவர் மனைவி.

"சொல்லித்தான் ஆகணுங்க."

அவரே போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே பேசுங்க. எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

டேலின் கவுன்டர் பக்கத்தில் தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன் போஸ்டர் ஒன்று பல வருடமாக இருக்கிறது. அங்கேயும் பேசினோம். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். என் வீட்டுக்காரர் வந்தார். சொன்னால் பலித்துவிடும் என்ற விஜி அக்காவும் வந்தார். கையில் ஒரு டப்பா தயிர்சாதம். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ரம்யாவின் அண்ணன் விமானம் பிடித்து வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியைவிட்டு நகரவில்லை.

பிறகு

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கார்த்திக்கை குபெர்டினோவுக்குக் கூட்டிப்போனார்கள். ரம்யா ஒரே ஒரு தடவை பேசினார். "தேங்க்ஸ். ஆனா தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். அதோடு சரி. இங்கே பாட்லக்கில் நான் போனால் சிலர் பேச்சை மாற்றினார்கள். 'துப்பாக்கிக் கடைல வேலை பாக்கற பொண்ணு, ஒரு குடும்ப விஷயத்துல இப்படியா மூக்கை நுழைப்பாங்க' என்று யாரோ சொன்னது என் காதுக்கு வந்தது.

பேரல் ரேக்கிலேயே இருந்தது. ஏழு பக்கம் பட்டை, ஒரு பக்கம் உருண்டை. வேறு ஷாப் ஆட்கள் வந்தால் எடுத்துப் பார்த்து, "இது யாரு வேலை?" என்று சிரிப்பார்கள். "என்னோடதுதான்" என்பேன். அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்ததில்லை. டேல் ஒரு நாள், "முடிச்சுப் போடு அம்மணி, வேற யாருக்காச்சும் ஆவும்" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்தேன். அவரும் அப்புறம் கேட்கவில்லை.

குளிர்காலம் போய், நெடுஞ்சாலை ஓரமெல்லாம் நீலப் பூ பூத்திருந்த சமயம், என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை.

"அந்த எட்டாவது பட்டை, முனையில மத்த ஏழு அகலத்துக்கு சரியா வருமா? நடுவுல நிறுத்தினதால மாறுமா?"

ஷாப் நடுவில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதில் போட்டேன்: "அந்த பேரல் வளைஞ்சிருச்சுங்க. இனி எதுக்கும் ஆகாது."

உடனே வந்தது: "எவ்ளோ? எந்தப் பக்கம்?"

டேலிடம் காட்டிப் படித்துச் சொன்னேன். "ஆரம்பிச்சுட்டான்டா சாமி" என்று தலையில் அடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மரக்கட்டையைத் தேய்க்கப் போய்விட்டார்.

கார்த்திக்குக்கு இன்னும் நிலையான வேலை இல்லை. மருந்து சாப்பிடுகிறார். நல்ல நாளும் இருக்கிறது, படுக்கையைவிட்டு எழாத நாளும் இருக்கிறது. அவருக்கு நாங்கள் ரைஃபிள் செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை. கேள்வி மட்டும் கேட்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் உயிரை எடுக்கிற கஸ்டமரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விளிம்பில் விரலை இழுத்துப் பார்த்துக் குறை சொல்கிறவர் நாளைக்கும் இருக்கப் போகிறவர். 'எப்படி இருந்தாலும் பரவாயில்லை' என்று ஒருவர் சொன்னால் மெஷினை நிறுத்துங்கள். கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள், அவருடைய மொழியில் கேளுங்கள். கேட்பதால் ஒன்றும் பலித்துவிடாது.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். பதில் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

"எழுதுங்க. பேரை மாத்திடுங்க" என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று: "அரமும் பாலிஷும் முடிஞ்ச பிறகுதானே ப்ளூயிங் வரும்? அதை எல்லாம் தப்பா எழுதிடாதீங்க. படிக்கறவன் சிரிப்பான்."